பூசையில இருக்கிற புஸ்தகங்க

நான் பொய் சொல்லுதவன் இல்ல. உள்ளதக் கொஞ்சம் பெருக்கிச் சொல்லுவேன், அவ்வளவுதான். விஜயதசமி அன்னைக்கு நாங்க வீடு மாத்தினப்போ நடந்தத மட்டும் பெருக்காம சொல்லுதேன். நம்புதவங்க நம்பிக்கிடுங்க.

பாளையங்கோட்டையில மூணாம் மாடி வாடகை வீடு. லிஃப்ட் கிடையாது. சாமான் எறக்கிக் குடுக்க என்கூட ஆபீஸ்ல வேல பாக்குத தேவசகாயமும் மைதீனும் வந்திருந்தாங்க. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் லாரிக்குப் போயாச்சு. மிச்சம் என் புஸ்தக அலமாரி. ஒரு சொவரு முழுக்க, தரையிலருந்து சீலிங் வரைக்கும், அத்தனையும் கெட்டி அட்டை. சாதா அட்டைப் புஸ்தகத்த நான் வாங்குதது இல்ல. வருசக்கணக்கா படிக்காம வைக்கணும்னா கெட்டி அட்டைதான் தாங்கும்.

என் வீட்டுக்காரி சண்முகவடிவு வாசல்ல நின்னு சட்டம் போட்டா. "போற வீடு சின்ன வீடு. இவரு படிச்ச புஸ்தகம் மட்டும் லாரில ஏறட்டும். மத்ததெல்லாம் அடுத்த தெரு லைப்ரரிக்கு. சொல்லி வச்சாச்சு, ஆள் வந்துக்கிட்டு இருக்கு."

அந்த அலமாரியில பாதிக்கு மேல பிளாஸ்டிக் கவரே பிரிக்கல. ஆனா அதுங்க போயிட்டா நான் யாரு? வீட்டுக்கு வாறவன் பூராவும் அந்தச் சொவரப் பாத்துட்டுத்தான் என்னைய சார்னு கூப்பிடுதான். சொவரு வெறுஞ்சொவராப் போச்சுன்னா நானும் வெறும் குத்தாலிங்கம்தான்.

"அண்ணாச்சி, இவ்வளவும் படிச்சாச்சா?"ன்னு மைதீன் ஒரு கத்த புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கேட்டான்.

"படிக்கது இருக்கட்டும் வே. இத எடுத்தா கட்டடம் நிக்குமான்னு யோசிச்சீரா? போன ஐப்பசியில அடிச்ச காத்துக்கு இந்தக் கட்டடமே ஆடிச்சு. கீழ் வீட்டுல தொட்டில் தன்னால ஆடிப் பிள்ள தூங்கிட்டு. என் வீட்டுல மட்டும் தம்ளர்ல இருந்த காப்பி அசையல. கட்டின இன்ஜினியர் ஓடியாந்து இந்த அலமாரியத் தடவிப் பாத்தான். 'சார், நான் போட்ட தூணெல்லாம் சும்மா பேருக்கு, இதுதான் தூணு. ஒரு புஸ்தகத்தக்கூட உருவிறாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். ஊர்ச் சனத்தோட உசிருன்னு நெனச்சு நானும் உருவல. உருவாம எப்படிப் படிக்கது?"

"இப்ப நான் ஒரு கத்த உருவிட்டேனே. கட்டடம் நேராத்தான நிக்கி?"

"சாஞ்சிருக்கு. நீரும் கூடச் சாஞ்சு நிக்கீரு, அதான் தெரியல."

தேவசகாயம் சிரிச்சான். வடிவு சிரிக்கல. அவ சிரிக்காம இருந்தா எனக்கு வாய் நிக்காது.

"இதுல ஒரு புஸ்தகத்தத் திருட ஒருத்தன் வந்தான், தெரியுமா?"

"நம்ம வீட்டுக்கா? திருடனா?"ன்னா வடிவு.

"நீ ஒங்க அம்மை வீட்டுக்குப் போயிருந்தேல்லா. பட்டப்பகல்ல வந்திருக்கான். பணம், நகைய விட்டுட்டு மேல்தட்டுல இருந்த நாவல எடுத்திருக்கான். வெல போகுமான்னு பாக்கப் படியில உக்காந்து மொதப் பக்கத்தத் தொறந்தவன் எந்திரிக்கல. நான் ஆபீஸ் விட்டு வாறேன், கண்ணுல தண்ணி வடியப் படிச்சுக்கிட்டு இருக்கான். 'சார், இன்னும் கொஞ்சந்தான், முடிச்சிட்டுத் தந்திருதேன்'ங்கான். ரெண்டாம் பாகத்துக்கு மறுநாளும் வந்து பூட்ட ஒடச்சான். இப்பத் திருட்ட விட்டுட்டு பத்திரிகையில புத்தக விமர்சனம் எழுதிப் பொழைக்கான்."

"அப்போ ஒங்க புஸ்தகத்தத் திருடன் படிச்சிருக்கான். நீங்க படிக்கல"ன்னான் தேவசகாயம்.

"அவனுக்கு நேரம் இருந்துது வே. நான் சம்சாரி."

லைப்ரரி ஆள் சைக்கிள் மணி கீழ கேட்ட மாதிரி இருந்துது. நான் புளுகுல இன்னும் ஒரு படி ஏறினேன். "நான் படிக்கலன்னா அதுங்க சும்மா இருக்குமா? நான் ஈசி சேர்ல சாஞ்சா, மேல்தட்டுலருந்து எட்டிப் பாத்து என்னையப் படிக்க ஆரம்பிச்சிட்டுதுங்க. வழுக்கையில தொடங்கி வரி வரியாக் கீழ எறங்கி வந்துதுங்க. தொப்பைக்கு வந்ததும் 'இதுக்கு மேல கத நவரல'ன்னு மூடி வச்சிட்டுதுங்க. பாதியோட நிக்கி."

"இது ஒண்ணுதான் நம்புத மாதிரி இருக்கு"ன்னான் மைதீன்.

"கத போதும்"னா வடிவு. "படிச்சது எது? அத மட்டும் கையக் காட்டுங்க."

அப்பத்தான் நான் கடைசிச் சீட்ட எறக்கினேன். "ஏளா வடிவு, நீயே நியாயம் சொல்லு. பூசைக்கு அடுக்கின புஸ்தகத்தப் படிக்கலாமா?"

சரஸ்வதி பூசைக்குப் புஸ்தகத்த அடுக்கிப் பொட்டு வச்சா, மறுநாள் விஜயதசமிக்கு பூசைய முடிச்சு எடுத்து, ஒரு பக்கமாவது படிக்கணும். அதுவரைக்கும் படிக்கக் கூடாது. எங்க வீட்டு மொற அது.

"இந்த வீட்டுக்கு வந்த வருசம் அலமாரிக்கே மொத்தமாப் பொட்டு வச்சேன். மறுநாள் எடுக்க மறந்துட்டேன். அன்னையிலருந்து இந்தச் சொவரு பூசையிலதான் இருக்கு. புதுசா வாங்குததும் நேரா பூசைக்குத்தான் போகுது. நான் படிக்காதது சோம்பல்னு நெனச்சியா? பக்தி. பாவம், சரஸ்வதியே ஒரு நாள் கனவுல வந்து அழுதா. 'ஏ குத்தாலிங்கம், பூசைய முடிச்சு விடுப்பா, உக்காந்து உக்காந்து கால் மரத்துட்டு, மத்த வீடுகளுக்கு நான் போவாண்டாமா'ன்னா. நம்ம தெருப் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு வரமாட்டேங்குன்னு நெனைக்கீங்க? அவ இங்க மாட்டிக்கிட்டா."

ரெண்டு பயலுகளும் கையில இருந்த புஸ்தகத்தத் தட்டுலயே திருப்பி வச்சிட்டாங்க. செயிச்சிட்டோம்னு நெனச்சேன்.

வடிவு கையோட கொண்டுபோக ஒதுக்கி வச்ச பூசைப் பெட்டியப் பிரிச்சு, கற்பூரத்த எடுத்துக் கொளுத்தி, அலமாரிக்கு மூணு சுத்து காட்டினா. "பூசை முடிஞ்சிட்டு. இன்னைக்கு விஜயதசமிதான். அம்மனும் போயிட்டு வரட்டும். ஒரு புஸ்தகத்த எடுத்து ஒரு பக்கம் படிங்க. சத்தமா."

மைதீனும் தேவசகாயமும் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.

நான் அசரல. நம்ம ஆத்தோட வரலாறுன்னு ஒரு தடி புஸ்தகம், தங்க எழுத்துப் போட்டது, அத எடுத்தேன். முன்வெளியீட்டுத் திட்டத்துல பணம் கட்டிக் காத்திருந்து, தபால்ல வந்தது. வாசகர் வட்டத்துல அதப் பத்தி ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கினவன் நான். பேசினது பூராவும் விளம்பரத் தாள்ல போட்டிருந்தது. அது எனக்கு மனப்பாடம். நடுவுல தொறந்து வச்சுக்கிட்டு, கண்ண மூடித் தலைய நிமித்தி ஆரம்பிச்சேன். "பொதிகையின் உச்சியில் பிறந்து, பாறைகளில் தவழ்ந்து..."

தேவசகாயம் எட்டிப் பாத்தான். "அண்ணாச்சி, இதுல ஆத்தக் காணும். 'கறவை மாட்டுக்கு மடிவீக்கம்'னுல்லா இருக்கு."

கண்ணத் தொறந்தேன். மாடுதான். முன்னால பெரட்டினேன், மாடு. பின்னால பெரட்டினேன், கன்னுக்குட்டி. பைண்டிங் பண்ணினவன் ஆத்து அட்டைக்குள்ள மாட்டு வைத்தியத்த வச்சு ஒட்டி அனுப்பியிருக்கான்.

"ஆத்துக்குத் தண்ணி குடிக்க மாடு வரத்தான செய்யும் வே? ஆசிரியர் அங்கருந்து தொடங்குதாரு"ன்னேன்.

"அப்போ அதையே படிங்க"ன்னா வடிவு.

படிச்சேன். "மடியை வெதுவெதுப்பான நீரால் கழுவ வேண்டும். பாலை முழுவதும் கறந்துவிட வேண்டும். மாடு உதைக்கக்கூடும், பொறுமை தேவை." ஒரு பக்கம் முடியுத வரைக்கும் ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவலன்னு இருந்துது.

வடிவு என் கையிலருந்து புஸ்தகத்த வாங்கித் தூசியத் தட்டினா. "இது வந்த அன்னைக்குப் பார்சலப் பிரிச்சது நாந்தான். ஆத்துப் புஸ்தகத்துல மாடு நிக்கேன்னு பாத்தேன். நீங்களே கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புவீங்கன்னு மூடி வச்சேன். மறுநாள் 'புஸ்தகம் எப்படி'ன்னு கேட்டேன். 'பாதி முடிச்சிட்டேன், என்ன தமிழு, ஆறு கண்ணு முன்னால ஓடுது'ன்னீங்க. சரி, என்னைக்காவது தொறப்பாரு, அன்னைக்கு ரெண்டு பேருமாச் சிரிச்சுக்கிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் பாப்பேன்."

எனக்கு அவ மொகத்தப் பாக்க வெக்கமா இருந்துது. புஸ்தகங்கதான் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். அந்த வரிசையில இவளும் நின்னிருக்கா. வாய்ல ஒரு புளுகும் வரல. என் ஆயுசுல அப்படி ஆனது அன்னைக்குத்தான்.

லைப்ரரி ஆள் படியேறி வந்து, சாக்க விரிச்சுக்கிட்டு நின்னான். மைதீன் மெதுவாக் கேட்டான். "அப்போ மதினி, லாரில எத ஏத்த?"

"இந்த மாட்டுப் புஸ்தகத்த ஏத்துங்க"ன்னா வடிவு. "இதுல ஒரு பக்கம் படிச்சிருக்காரு."