உப்புக் குளத்துப் பாசி

"அம்மை, குளம் மறுபடியும் பச்சையாயிருச்சு."

திலகவதி அம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"நேத்து எப்படி இருந்துச்சு?"

"நேத்தும் பச்சைதான். இன்னைக்குக் கூடுதல் பச்சை."

"தெளிவா எப்போ பார்த்தீங்க?"

தங்கப்பழம் யோசித்தார். அவர் வந்த நாளிலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்போ இது மறுபடி இல்லை," என்றார் அம்மை. அடுத்த காயை எடுத்தார்.

கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பணக்காரர் விடுமுறைக்கு வந்து தங்கக் கட்டிய பங்களா அது. ஒருநாள் அவருக்கு வாழ்க்கை கசந்துபோய், சாவியைத் துறவியான திலகவதி அம்மையிடம் நீட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். பங்களாவோடு கொல்லைப்புறத்து நீச்சல்குளமும் சேர்ந்து வந்தது.

உப்புநீர்க் குளம். தனக்கு வேண்டிய குளோரினைத் தானே தயாரித்துக்கொள்ளும், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று சொல்லி யாரோ அந்தப் பணக்காரரிடம் விற்றிருந்தார்கள். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று விற்றவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

தங்கப்பழம் சிவகாசிக்காரர். அச்சகம் வைத்திருந்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டிலும் கத்தினார். தொழிலைப் பிள்ளைகள் கையில் விட்ட பிறகுதான், தன் காதுக்குள் இன்னமும் அச்சு ஓடுவது அவருக்குக் கேட்டது. அமைதி வேண்டும் போலிருந்தது. வீட்டில் அதற்கு வழியில்லை. மனைவி சீனியம்மாள் மிக்சியில் அரைத்தாள், டிவி பார்த்தாள், பார்த்ததை எல்லாம் அவரிடம் சொன்னாள்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். வந்த இடத்தில் காவி கேட்டார்.

காவி கட்டிவிட்டால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. அவர் காவி கேட்டது சீனியம்மாளுக்குத் தெரியாது.

அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "குளத்தோட அடி தெரியட்டும். அப்போ வந்து கேளுங்க," என்றார்.

அதனால்தான் தங்கப்பழம் பாசியோடு மல்லுக்கு நின்றார்.

முதலில் உப்பைக் கொட்டினார். மூட்டையை அவிழ்த்து, ஓரமாகவே நடந்து, நாலு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கொட்டினார்.

அம்மை வந்து நின்று பார்த்தார். "எதுக்கு இவ்வளவு உப்பு?"

"ஊறுகாய்ல உப்பு குறைஞ்சாத்தானே அம்மை பூஞ்சை பிடிக்கும்? அதே மாதிரிதான் இதுவும்."

அம்மை குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல் தண்ணி மாதிரியே இருக்கு."

"ஆமா அம்மை." அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கடல்ல பாசி கிடையாதா?"

தங்கப்பழம் காலி மூட்டையை மடிக்க ஆரம்பித்தார். அதை மடிக்க வெகுநேரம் ஆனது.

அடுத்ததாக நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷை எடுத்துக் குளத்துச் சுவரை உரசினார். உரசிய இடத்திலிருந்து பச்சைப் புகை கிளம்பியது. இறங்கும் படியாவது தெரிந்துகொண்டிருந்த தண்ணீரில் இப்போது படியும் தெரியவில்லை. பயந்துபோய்ப் பிரஷ்ஷை வைத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அம்மை.

"உரசினா இன்னும் மோசமாகுது அம்மை."

"உரசாட்டி?"

"ஓரளவு தெளிவா இருக்கு."

"அப்போ பாசி எங்கே இருக்கும்?"

"சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடலாமா?"

அம்மை கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த அம்மையிடம் இதுதான் தொல்லை, கேலி எது கேள்வி எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தங்கப்பழம் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார்.

கைபேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது மடத்து வழக்கம். முன்னறையில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு அது அடிக்கும். சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா எடுப்பாள். பிறகு கொல்லைப்புறம் வருவாள்.

"அண்ணாச்சி, வீட்ல இருந்து."

தங்கப்பழம் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டுவார். வேண்டாம்.

"ஒரு நிமிஷம் பேசிட்டு வந்துடுங்களேன்."

"பேசினா மனசு கலங்கிரும்மா. அப்புறம் தியானத்துல அவ குரல்தான் கேக்கும்."

பிலோமினா போய்ச் சொல்லுவாள். என்னவென்று சொல்லுவாளோ, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அடிக்கும்.

ஒருநாள் விடிகாலையில் அம்மை குளத்தங்கரைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கீரை மசியல் நிறத்தில் கிடந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தக் குளம் தன்னை எப்படிச் சுத்தம் பண்ணிக்குது?"

தங்கப்பழத்துக்கு உற்சாகம் வந்தது. இயந்திரம் என்றால் அவருக்கு அத்துப்படி.

"மோட்டார் தண்ணியை இழுக்கும் அம்மை. மணல் வடிகட்டிக்குள்ள விடும். அழுக்கு அங்கேயே நின்னுரும். அதுக்கப்புறம் ஒரு பெட்டி இருக்கு. உப்புத் தண்ணி அதுக்குள்ள போறப்ப கரண்டு பாயும். உப்பு குளோரினா மாறி வெளிய வரும். அதுதான் பாசியைக் கொல்லும்."

"அப்போ உப்பு கொல்லாதா?"

"உப்பு கொல்லாது. பெட்டிதான் அதுல இருந்து மருந்து எடுக்கணும்."

"எப்போ எடுக்கும்?"

"தண்ணி ஓடுறப்ப."

"ஓடுதா?"

தங்கப்பழம் எழுந்து நின்றார்.

மோட்டார் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்த முதல் நாளே அந்த உர்ர்ர் சத்தம் அவருக்கு ஆகவில்லை. அச்சகம் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்துவிட்டது போலிருந்தது.

"தியானத்துக்கு உக்காரும்போது நிறுத்திருவேன் அம்மை."

"எப்போ உட்காருவீங்க?"

"காலையில. அப்புறம் சாயந்திரம்."

"நடுவுல?"

"நடுவுல உக்காந்ததை நெனைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுக்கும் அமைதி வேணுமே."

"ராத்திரி?"

"ராத்திரி தூங்கணும்லா," என்றார் தங்கப்பழம், குரல் இறங்கிப்போய்.

அம்மை சிரித்தார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கப்பழம் அசடு வழிந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாக ஒரு கையால் பாசியை வளர்த்து மறு கையால் உரசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றே மோட்டாரைப் போட்டார்.

சத்தம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தியானம் கூடவில்லை. எழுந்து உரசினார். பாசி கிளம்பியது, மோட்டார் இழுத்தது, வடிகட்டி அடைத்துக்கொண்டது. வடிகட்டியைக் கழுவித் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டார். பச்சைப் பச்சையாகக் கொட்டியது. மறுநாளும் உரசினார். தண்ணீர் பச்சையை விட்டுப் பால் கலந்தது போல் ஆனது. செத்த பாசி அப்படித்தான் இருக்கும். அதையும் மோட்டார் மெல்ல மெல்ல இழுத்துத் தின்றது. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் அவர் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது குளத்தைத்தான். இன்று எத்தனை படி தெரிகிறது என்று பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆவல்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் பிலோமினா வந்தாள். வழக்கம்போல் "வீட்ல இருந்து" என்று சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா?"

"அக்கா பேசினாங்க. வச்சுட்டாங்க. 'என்னால அவருக்குத் தொந்தரவு வேண்டாம், இனிமே கூப்பிட மாட்டேன்'னு சொல்லச் சொன்னாங்க."

"கோவமாச் சொன்னாளா?"

"இல்ல அண்ணாச்சி. சாதாரணமாத்தான் சொன்னாங்க."

"நல்லது," என்றார் தங்கப்பழம். உரசிக்கொண்டிருந்த இடத்தையே மறுபடி மறுபடி உரசினார்.

மறுநாள் விளக்கேற்றும் நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் குளத்தின் அடி தெரிந்தது. நீலச் சதுர ஓடுகள், நடுவில் தண்ணீர் வடியும் துளையின் மூடி, அதன் திருகாணிகூடத் தெரிந்தது. தங்கப்பழம் அம்மையைத் தேடி உள்ளே ஓடினார்.

"அம்மை, தெளிஞ்சிருச்சு."

சாயங்காலம் அம்மை வந்து பார்த்தார். ஓரமாகவே நடந்து நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். "நீங்க கேட்டது நினைவிருக்கா?"

"இருக்கு அம்மை."

"அப்போ இங்கேயே உட்காருங்க. கால் தண்ணியில இருக்கட்டும். துணி எடுத்துட்டு வரேன்."

போகிற வழியில் அம்மை மோட்டார் அறைக்குள் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார்.

"ஐயோ அம்மை, எதுக்கு நிறுத்துறீங்க?"

"குளம்தான் தெளிஞ்சிருச்சே. உங்களுக்கும் சத்தம் ஆகாது."

அம்மை உள்ளே போய்விட்டார்.

தங்கப்பழம் இத்தனை நாளாக ஆசைப்பட்ட அமைதி வந்து சேர்ந்தது. காற்று இல்லை, சவுக்கு அசையவில்லை, கடல்கூட அன்றைக்கு அடக்கித்தான் வாசித்தது. முன்னறையில் பிலோமினா விளக்கேற்றிவிட்டுப் போனாள். தொலைபேசி இருக்கும் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இந்த நிமிஷம் அவரைத் தொந்தரவு செய்ய இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கண்ணை மூடினார். சீனியம்மாளின் குரல் கேட்கவில்லை. கேட்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தார். இந்நேரம் அவள் அடுப்பை அணைத்திருப்பாள். பார்த்ததை, கேட்டதை, பக்கத்து வீட்டில் நடந்ததை, இத்தனை வருஷம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னவள், இந்த மூன்று நாளாகச் சொல்லாததை எல்லாம் எங்கே வைத்திருக்கிறாள்?

தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் அவருக்கு இப்போது குளத்தைத் தெரியும். விடிவதற்குள் சுவர் வழுவழுத்துவிடும்.

எழுந்தார். மோட்டார் அறைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டார். அங்கிருந்து ஈரக் காலோடு நேரே முன்னறைக்குப் போய், ரிசீவரை எடுத்து, சிவகாசி வீட்டு எண்ணைச் சுழற்றினார்.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது.

"உடம்புக்கு என்ன?" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்றார்.

"இதைக் கேக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

மொச்சைக் குழம்பில் ஆரம்பித்தாள். மொச்சையிலிருந்து அவரிடம் வந்தாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் வந்தாள். நடுவில் அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே மேலே திட்டினாள். தங்கப்பழத்தின் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"அங்க என்ன ஒரே இரைச்சல்?" என்றாள் சீனியம்மாள். "நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"மோட்டாரு ஓடுது. நீ கொஞ்சம் சத்தமாப் பேசு."

அம்மை வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த காவித் துணி இருந்தது. குளத்திலிருந்து தொலைபேசி வரைக்கும் தரையெல்லாம் அவருடைய ஈரக் கால்தடங்கள்.

"யாராவது வழுக்கி விழப் போறாங்க," என்று சொல்லிக்கொண்டே அம்மை குனிந்தார். காவியை உதறி விரித்து, தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.