மூச்சுப் படாத நெருப்பு

இந்தக் கதை என் காதுக்கு நேராக வரவில்லை. குஜராத்தின் நவ்சாரி ஊர்க்காரர் ஒருவர் ரயிலில் என் அறைத்தோழிக்குச் சொன்னார். அவள் விடுதி மாடியில் துணி காயப்போட்டபடியே எனக்குச் சொன்னாள். நடுவில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஒட்டகங்களே வழி தவறும் உப்புப் பாலைவனத்துக்கு அப்பால், பாரசீக நாட்டு மலையடிவாரத்தில் ஸர்தாப் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க் கோயிலில் சிலை கிடையாது. ஒரு நெருப்பு இருந்தது. குயவன் சூளையில் ஒரு கங்கு, கொல்லன் உலையில் ஒரு கங்கு, ரொட்டி அடுப்பில் ஒரு கங்கு என்று எல்லாத் தொழிலின் நெருப்பையும் ஒன்றுசேர்த்து முன்னோர்கள் ஏற்றியது. அது எரியும்வரை ஊர் அடுப்புகள் எரியும். அது அணைந்தால் எல்லாம் அணையும்.

அந்த நெருப்புக்கு இரண்டு கட்டளைகள். ஈர விறகு போடக்கூடாது. மனித மூச்சு படக்கூடாது. அதனால் நெருப்பைக் காக்கும் குரு பெஹ்மர்த், மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டுதான் அதன் அருகே போவார். விறகு கொண்டுவருவது அவருடைய ஒரே மகள் மஹ்பானுவின் வேலை.

தினமும் காலையில் அவர் மூன்று கேள்வி கேட்பார்.

"வெயில் பட்டதா?"

"பட்டது அப்பா."

"கையால் தடவிப் பார்த்தாயா?"

"பார்த்தேன் அப்பா."

"காய்ந்ததுதானே?"

"காய்ந்ததுதான் அப்பா."

மஹ்பானு எதற்கும் பயப்படுகிற பெண். கதவைச் சாத்தினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். குடத்தை இறக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் மூன்று கவளத்தை வாசலில் நிற்கும் நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். அது அந்த ஊர் வழக்கம். அந்த நாய்க்குக் கண்ணுக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு பொட்டு இருந்தது. அதனால் எல்லோரும் அதை நாலுகண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

இவ்வளவு பயந்தவளும் ஒருநாள் மறந்துபோனாள். விறகின் மேல் தோல்விரிப்பைப் போர்த்தாமல் விட்டுவிட்டாள். மழை பெய்தது. காலையில் தொட்டால் விறகெல்லாம் சில்லென்று இருந்தது. சொன்னால் அப்பா என்ன நினைப்பார்? அவர் முகம் வாடுமே!

"வெயில் பட்டதா?"

"பட்டது அப்பா."

"கையால் தடவிப் பார்த்தாயா?"

"பார்த்தேன் அப்பா."

"காய்ந்ததுதானே?"

மஹ்பானு விறகை நீட்டினாள். "காய்ந்ததுதான் அப்பா."

குரு விறகை வாங்கினார். ஒரு கணம் நின்றார். பிறகு எதுவும் சொல்லாமல் நெருப்பில் வைத்தார்.

நெருப்பு இருமியது. புகை சுருண்டது. தணல் சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டே இருந்தது. நூறு வருஷத்து நெருப்பு தன் கண்முன்னால் சாகிறதே என்று பதறிய குரு, முகத்துணியைக் கீழே இழுத்தார். குனிந்தார். ஊதினார்.

ஒரே ஒரு ஊது. நெருப்பு பொட்டென்று அணைந்தது.

மிச்சமிருந்த புகைக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான். உடம்பெல்லாம் சாம்பல், கண்ணிரண்டும் அணைந்த கரி. மலைக்கு அப்பால் நெருப்பில்லாத பள்ளங்களில் வாழும் சாம்பல் மந்திரவாதி அவன். பொய் எங்கே சொல்லப்படுகிறதோ அங்கே வருகிற புகைதான் அவனுக்குக் குதிரை.

"மூச்சால் நெருப்பைத் தொட்டவனே, கல்லாகு!" என்றான். "இன்று இடுப்பு வரை. நாளை கழுத்து வரை. மூன்றாம் நாள் சூரியன் மறையும்போது உச்சந்தலை வரை. அப்புறம் இந்த ஊர் எனக்கு!"

குருவின் பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. இடுப்பு கல்லானது. அதே நேரத்தில் ஊரில் எல்லா அடுப்பும் அணைந்தன. ரொட்டிக்காரி ஸர்வர் மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தாள்.

"குருவே, என் ரொட்டி பாதி வெந்ததும் வேகாததுமாகக் கிடக்கிறது! கல்யாண வீட்டு ரொட்டி! நான் என்ன பதில்…" என்று தொடங்கியவள், அவர் கால்களைப் பார்த்ததும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகளே," என்றார் குரு. "கிழக்கு மலையில், பாலத்துக்கு அந்தப் பக்கம், இடி விழுந்த மரம் ஒன்று எரிகிறது. அது வானத்து நெருப்பு. அதைக் கொண்டு வா. மூச்சுப் படாமல் கொண்டு வா."

மஹ்பானு இரும்புச் சட்டியில் சாம்பல் நிரப்பினாள். ஸர்வர் தன் வீட்டுப் பரணிலிருந்து மூன்று காய்ந்த மாதுளைக் குச்சிகளைக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மஹ்பானுவின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நடந்தாள். நாலுகண்ணன் பின்னாலேயே வந்தது.

முதல் நாள் முழுக்க நடந்து பாலத்துக்கு வந்தார்கள். கீழே அடி தெரியாத பள்ளம். பாலமோ ஒன்பது ஈட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். மஹ்பானு காலை வைத்தாள். பாலம் சுருங்கியது.

"இதென்ன!" என்று பின்வாங்கினாள்.

"அது அப்படித்தான்," என்றது நாய்.

"நீ பேசுவாயா?"

"தினமும் மூன்று கவளம் போடுகிறாய். ஒருநாள்கூட எதுவும் கேட்டதில்லை. நான் எதற்குப் பேசவேண்டும்?" என்று காதைச் சொறிந்துகொண்டது. "கேள் பெண்ணே. இந்தப் பாலம் மூன்று கேட்கும். என்ன நினைத்தாய், என்ன சொன்னாய், என்ன செய்தாய். நல்லதென்றால் அகலும். பொய்யென்றால் கத்தி முனையாகும். போ, நான் பின்னால் வருகிறேன்."

"என்ன நினைத்தாய்?" என்றது பாலம்.

"அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்."

பாலம் அகன்றது. மஹ்பானு பாதி தூரம் போனாள்.

"என்ன சொன்னாய்?"

"விறகு… கொஞ்சம் ஈரமாக இருந்திருக்கும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை."

பாலம் சாட்டை அளவானது. கயிறு அளவானது. நூல் அளவானது. கால் வழுக்கி, மஹ்பானு ஒரு கையால் தொங்கினாள். அந்த நூல் அவள் விரலை அறுத்தது.

"நாலுகண்ணா!"

"நான் என்ன செய்ய? நானும் இதே நூலில்தான் நிற்கிறேன்," என்றது நாய். "சீக்கிரம் சொல்லித் தொலை, பெண்ணே!"

"ஈரம் என்று தெரியும்!" என்று மஹ்பானு கத்தினாள். "தொட்டுப் பார்த்தேன், தெரிந்தது. தெரிந்தேதான் காய்ந்தது என்று சொன்னேன். பயமாக இருந்தது. பொய் சொன்னேன்!"

நூல் கயிறானது. கயிறு பலகையானது. பலகை ஒன்பது ஈட்டி அகலப் பாலமானது. அவள் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மூன்றாவது கேள்வி வரவில்லை.

"அது திரும்பி வரும்போது," என்றது நாய்.

இரண்டாம் நாள் உச்சி வேளையில் இடி விழுந்த மரத்துக்கு வந்தார்கள். மரம் எரிந்து முடிந்திருந்தது. அடிமரப் பொந்தில் உள்ளங்கை அளவு தணல் மட்டும்தான் மிச்சம். மஹ்பானு முகத்தைத் துணியால் கட்டினாள். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறாள்: குச்சியை நெருப்பில் வைக்கக்கூடாது. தணலுக்கு மேலே, தொடாமல், சூட்டிலேயே பற்றும்வரை பிடிக்க வேண்டும்.

முதல் குச்சியைப் பிடித்தாள். கருகி ஒடிந்தது. இரண்டாம் குச்சியைப் பிடித்தாள். கை நழுவிக் கீழே விழுந்தது. தணல் உள்ளங்கை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் குச்சியைப் பிடித்தாள்.

வழிப்போக்கன் ஒருவன் வந்தான். "அணையப் போகிறதே! ஊது பெண்ணே, ஒரே ஒரு ஊது."

அவள் ஊதவில்லை.

ரொட்டிக்காரி ஸர்வர் வந்தாள். "என்னடி இது, அப்பன் அங்கே கல்லாகிக் கிடக்கிறான், நீ குச்சியை வேடிக்கை பார்க்கிறாய்? ஊது!"

அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஊதவில்லை.

குரு பெஹ்மர்த் வந்தார். இடுப்பு வரை கல் இல்லை. நன்றாக நடந்து வந்தார். "மகளே, நான் தப்பிவிட்டேன். நெருப்பு சாகிறது. நானே ஊதினேனே, நீயும் ஊது."

மஹ்பானுவின் கை முகத்துணிக்குப் போனது. நெருப்பைக் காட்டிலும் அப்பா சொல் பெரிதில்லையா? விரல் முடிச்சைத் தொட்டது.

"நாலுகண்ணா," என்றாள் மெல்ல. "வந்திருப்பது அப்பாவா?"

நாய் நிமிர்ந்து பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

"கீழே இருக்கும் இரண்டு கண்ணுக்கு உன் அப்பா. மேலே இருக்கும் இரண்டுக்கும் அங்கே யாரும் இல்லை."

மஹ்பானு கையைக் கீழே இறக்கினாள். தணல் மிளகு அளவாகிவிட்டது. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று அவள் நினைத்த அந்த நொடியில், தொடாத குச்சியின் நுனியில் பூ மாதிரி ஒரு சுடர் பூத்தது. வெளிச்சம் பட்டதும் அப்பாவின் உருவம் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று வேஷத்திலும் வந்த சாம்பல் மந்திரவாதி இப்போது ஒரு பிடி சாம்பல். அதையும் காற்று கொண்டுபோனது. மஹ்பானு எரியும் குச்சியின் கங்கைச் சட்டிச் சாம்பலில் பொதிந்து எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை. திரும்பும் பாலம் கேட்டது: "என்ன செய்தாய்?"

"இன்னும் செய்து முடிக்கவில்லை," என்றாள் மஹ்பானு. பாலம் அதற்கும் அகன்றது.

சூரியன் மேற்கு மலைமேல் உட்காரும் நேரத்தில் ஊருக்குள் ஓடினாள். குரு கழுத்து வரை கல். ஊரே சுற்றி நின்றது. அவள் நெருப்பை மேடையில் வைத்தாள். அது எரிந்தது. குருவின் தாடை வரை கல் ஏறியது. நிற்கவில்லை.

"நெருப்புதான் வந்துவிட்டதே! ஏன் இன்னும் ஏறுகிறது?" என்று அழுதாள் ஸர்வர்.

மஹ்பானுவுக்குத் தெரியும். பாலத்தில் சொன்னது நாய் காதில் மட்டும்தான் விழுந்தது. இங்கே ஊர் மொத்தமும் நிற்கிறது. ஆனாலும் சொன்னாள்.

"அப்பா, அன்றைக்கு விறகு ஈரம். மூடி வைக்க மறந்தது நான். தெரிந்தே பொய் சொன்னேன். நெருப்பு அணைந்தது என்னால்."

கல் அவர் உதட்டுக்குக் கீழே நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை.

குரு அவளைப் பார்த்தார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"எனக்கும் தெரியும், மகளே. கையில் வாங்கியபோதே கனத்தது. கேட்டால் நீ நடுங்கிப்போவாய் என்று சொல்லாமல் நெருப்பில் வைத்தேன். உன் பொய் ஒன்று. என் மௌனம் ஒன்று."

சடசடவென்று கல் வெடித்தது. கழுத்து விடுபட்டது, இடுப்பு விடுபட்டது, பாதம் விடுபட்டது. ஊரில் எல்லா அடுப்பும் ஒன்றாகப் பற்றின.

"ஐயோ, என் ரொட்டி!" என்று ஸர்வர் ஓடினாள்.

அன்றிலிருந்து விறகுப் பொறுப்பும் நெருப்புப் பொறுப்பும் மஹ்பானுவுக்கே என்று ஊர் தீர்மானித்தது. அவள் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது நிற்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. நாலுகண்ணனுக்கு மூன்று கவளம் ஆறு கவளமானது. அது மறுபடி பேசவே இல்லை. ஊர் வழியே போன வணிகர்கள் கதையைத் திசைக்கொன்றாக எடுத்துப் போனார்கள்.

பின்னால் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ஸர்தாப் என்ற ஊரை எந்த வரைபடத்திலும் காணவில்லை. ஆனால் பாலம் இருக்கிறது. பாரசீகத்தின் பழைய ஜொராஸ்டிர மதத்தில், இறந்தவர் கடக்கும் அந்தப் பாலத்துக்குச் சின்வத் என்று பெயர். நல்லவருக்கு அகலும், பொய்யருக்குக் கத்தி முனையாகும். பிற்காலத்தில் இஸ்லாமிய மரபில் வரும், மயிரிலும் மெல்லிய பாலத்தை இதோடு ஒப்பிடுகிறார்கள். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை: அந்த மதத்தின் குருமார்கள் இன்றும் நெருப்பின் முன்னால் வெள்ளைத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.