காதில் பட்ட வெள்ளிக்காசு

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் கடமான் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதன் காதுதான் ஒரு காக்கைக்குச் சாப்பாட்டுத் தட்டு. சாயங்காலமானால் காக்கை கரைந்துகொண்டே வந்து மானின் கொம்பில் உட்காரும். மான் தலையைத் தாழ்த்தும். காதுக்குள் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் காக்கை கொத்தித் தின்னும். ஒருநாளும் வலிக்கக் கொத்தினதில்லை.

சிறுத்தைக்கு அந்த மான்மேல் தீராத கோபம். அது பதுங்கி வரும்போதெல்லாம் இந்த மான்தான் முதலில் மோப்பம் பிடித்துக் குரல் கொடுக்கும். காடே ஓடித் தப்பிவிடும். ஆனால் புல்லுக்குள் படுத்திருக்கும் நாற்பது மான்களில் அது எதுவென்று சிறுத்தைக்குத் தெரியவில்லை.

யாத்திரை போன யாரோ தவறவிட்ட சுருக்குப்பை ஒன்று சிறுத்தைக்குக் கிடைத்தது. மான்களோடு பழகும் காக்கைக்குத் தெரியும் என்று நினைத்து, அதன் முன்னால் பையைக் கொட்டியது. முப்பது வெள்ளிக்காசு!

“அடேயப்பா, என்ன பளபளப்பு!” என்றது காக்கை.

“எல்லாம் உனக்குத்தான் தம்பி. குரல் கொடுக்கிற மான் எதுவென்று மட்டும் காட்டு.”

காசைத் தின்ன முடியாது. சந்தைக்குப் போய் முறுக்கு வாங்கவும் முடியாது. காக்கைக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை.

“நான் எந்த மானின் காதைக் கொத்துகிறேனோ, அதுதான்” என்றது.

இருபத்தொன்பது காசைக் கூட்டில் சேர்த்தாயிற்று. முப்பதாவதைக் கீழே வைக்க மட்டும் மனசு வரவில்லை. அதை அலகில் கவ்விக்கொண்டே மானிடம் வந்தது.

“வா தம்பி, இன்றைக்குச் சத்தத்தையே காணோமே!” என்றபடி மான் காதைத் தாழ்த்தியது.

வாயைத் திறந்தால் காசு விழுந்துவிடுமே! காக்கை பேசாமல் குனிந்தது.

காதுக்குள் சில்லென்று ஏதோ பட்டது. மான் திடுக்கிட்டுத் துள்ளிய அதே நொடியில் சிறுத்தை பாய்ந்தது. அதன் வாய்க்கு அகப்பட்டது ஒரு கவளம் புல்தான்.

“தம்பி, சிறுத்தை! நீயும் பறந்துவிடு!” என்று கத்திக்கொண்டே ஓடியது மான்.

காக்கை கூட்டுக்குத் திரும்பியது. முப்பது நடை பறந்து, முப்பது காசையும் சிறுத்தையின் முன்னால் போட்டது.

“தப்பு பண்ணிவிட்டேன். இந்தா உன் காசு.”

“எனக்கெதற்கு அது? போய் வேறு வேலையைப் பார்” என்று சிறுத்தை கொட்டாவி விட்டது.

இரண்டு நாள் காக்கை இலைகளுக்குள் ஒளிந்துகிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மெதுவாக மானின் முன்னால் வந்து தரையில் நின்றது.

“அண்ணா, உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.”

“காதுக்குள் காசைத் திணித்தால் தெரியாதா?” என்றது மான். “மூன்று நாளாய்க் காது அரிக்கிறது. எங்கே, அலகைத் திற. இன்றைக்கு ஒன்றும் இல்லையே?”

“ஒன்றும் இல்லை அண்ணா.”

மான் தலையைத் தாழ்த்தியது.

நீதி: நேசித்தவரை விற்று வாங்கிய முப்பது வெள்ளிக்காசை வீசி எறிந்தால் மட்டும் போதாது, யாரை விற்றோமோ, அவரிடமே திரும்பி வர வேண்டும்.