ஒரு கேள்வி தாமதம்

ஆரணிப் பக்கம் சுண்டைப்பாக்கம் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஏகாம்பரம் மாஸ்டர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டவர்கள், யார் கல்யாணத்துக்குப் போனோம் என்பதை மறந்தாலும் சாம்பாரை மறக்கமாட்டார்கள். கடவுள் அவருக்குக் கைப்பக்குவத்தை அண்டா அண்டாவாகக் கொடுத்தார். புத்தியைக் கொடுக்கும் நேரத்தில் கரண்டியைத் தேடிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

மாஸ்டரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். காய் நறுக்கும் பூங்காவனம் அக்கா, சோறு வடிக்கும் தணிகாசலம், சாம்பார் கிண்டும் வேம்புலி. மாஸ்டரை மிஞ்சக் கூடாது என்ற மரியாதையில், மூவரும் எல்லா விஷயத்திலும் அவரைவிடக் கொஞ்சம் மட்டாகவே இருந்தார்கள்.

இந்த நால்வருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பந்திக்குப் போகும் குழம்பை நாலு பேர் ருசி பார்ப்பதுபோல, வாயிலிருந்து போகும் வார்த்தையையும் நாலு பேர் ருசி பார்க்க வேண்டும். வெளியாள் ஏதாவது கேட்டால் மாஸ்டர் உடனே பதில் சொல்ல மாட்டார். பூங்காவனத்திடம் கேட்பார். பூங்காவனம் தணிகாசலத்திடம், தணிகாசலம் வேம்புலியிடம். வேம்புலி யோசித்துச் சொன்னது அதே வழியில் திரும்பி வந்து மாஸ்டர் வாயால் வெளியே போகும். இதனால் யாரும் பாதிக்கப்பட்டதில்லை, பதிலுக்குக் காத்திருந்தவர்களைத் தவிர.

மாஸ்டருக்கு ஒரே பெண், மேகலா. ஆரணியில் பட்டுக்கடையில் வேலை. தாயில்லாப் பெண். அவள் தொட்டிலில் கிடந்தபோதே, "உன் கல்யாணச் சாப்பாட்ட இந்தக் கைதான் ஆக்கும்" என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது மாப்பிள்ளையும் கிடைத்துவிட்டார். பெயர் முனிரத்தினம். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாத பிள்ளை. "உக்காருங்க" என்று சொன்னதற்கு உட்கார்ந்தவர், "எழுந்திருங்க" என்று யாரும் சொல்லாததால் மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார். மாஸ்டருக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

கல்யாண மண்டபத்தில்தான் வில்லங்கம் வந்தது. "சுகாதாரச் சான்றிதழ் இல்லாத கை எங்க அடுப்பத் தொடக் கூடாது. ஆன்லைன்ல மூணு நாள் வகுப்பு நடக்குது, பாஸ் பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி வெளி ஆளு வெச்சி ஆக்கிக்குங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சொந்த மகள் கல்யாணத்தில் வேறொருவன் சாம்பார் வைப்பதை மாஸ்டரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவே இல்லை.

மேகலா தன் போனை ரவை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். "அப்பா, மேடம் இன்னா சொல்றாங்களோ அத்த அப்படியே செய்ங்க. ஒண்ணு கூட்டாதீங்க, ஒண்ணு கொறைக்காதீங்க" என்றாள். அந்த நால்வரிடம் சொல்லக் கூடாத வார்த்தை எதுவோ, அதையே சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பத்து மணிக்குத் திரையில் சுபத்ரா மேடம் வந்தார். சின்ன வயது, கண்ணாடி, பொறுமையான குரல். "நான் மறுபடி சொல்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. எல்லாரும் மியூட்ல இருங்க" என்றார். நால்வரும் வாயை மூடினார்கள். பதினோரு மணிக்கு, மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெட் தீர்ந்து படம் போய்விட்டது. பேசலாம் என்று அவர் சொல்லவே இல்லை.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. நூறு பேருக்குப் புளிச் சாதம். வழக்கமாக உப்பைப் போட்டவர், "உப்பு போட்டாச்சி!" என்று ஒரு குரல் கொடுப்பார். அன்று குரல் இல்லை. வேம்புலி உப்பு போட்டார். குரல் கேட்கவில்லையே என்று தணிகாசலமும் போட்டார். யாருமே போடவில்லை போலிருக்கிறது என்று பூங்காவனம் போட்டாள். கடைசியில் மாஸ்டர், 'எல்லாத்தையும் நானே பாக்க வேண்டியிருக்குதே' என்று மனசுக்குள் நொந்துகொண்டு ஒரு கை போட்டார். ருசி பார்த்தபோது நாலு பேருக்கும் உப்பு தெரிந்தது, ஆனால் பேசக் கூடாதே.

வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு ஓடினார்கள். வளைகாப்புப் பெண் மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "இன்னாய்யா ஆக்கி வெச்சிக்கீறீங்க?" என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நால்வரும் உதட்டில் விரலை வைத்து, அவரையும் பேச வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மேடம் வந்ததும், "இப்ப பேசலாம். ஒவ்வொருத்தரா வணக்கம் சொல்லுங்க" என்றார்.

"உப்பு போட்டாச்சி!" என்று கத்தினார் வேம்புலி. நேற்றிலிருந்து தொண்டையிலேயே நின்றிருந்தது, பாவம்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாடத்துக்குப் போனார். "இன்னைக்குக் கை கழுவுற முறை. சோப்பு போட்டு, இருபது எண்ற வரைக்கும் தேய்க்கணும். நான் எப்படிச் செய்றேனோ அப்படியே கூடவே செய்ங்க. ஒண்ணு, ரெண்டு..."

பன்னிரண்டு என்ற இடத்தில் படம் நின்றுவிட்டது. மேடத்தின் வாய் பாதி திறந்திருந்தது, இடது கண் மூடியிருந்தது, கையில் நுரை. நால்வரும் வாயைப் பாதி திறந்து, இடது கண்ணை மூடி, நுரையோடு நின்றார்கள். கால் மணி நேரம் போயிற்று.

"மேடம் ஏன் மாஸ்டர் அசையல?" என்றார் தணிகாசலம், வாயை மூடாமலே.

"கண்ணுல சோப்பு பூந்துருக்கும்" என்றாள் பூங்காவனம்.

"சோப்பு பூந்தா கத்துவாங்களே அக்கா."

"படிச்சவங்க கத்த மாட்டாங்க."

வேம்புலிக்கு ஒரு கவலை. "அப்போ மாஸ்டர், நம்மளும் கண்ணுல சோப்பு விட்டுக்கணுமா?"

மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். கண் எரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மகள் கல்யாணம் கண் முன்னால் நின்றது. "ஒண்ணு கொறைக்கக் கூடாதுன்னு பாப்பா சொல்லிட்டுப் போயிருக்குது" என்று சொல்லி, முதலில் தன் கண்ணில் விட்டுக்கொண்டார். மற்ற மூவரும் விட்டுக்கொண்டார்கள். யாரும் கத்தவில்லை, படித்தவர்கள்போல.

ஒரு மணிக்குச் சார்ஜ் தீர்ந்து போன் கறுத்துப்போனது. விளக்கை அணைத்துவிட்டு மேடம் இருட்டில் நிற்கிறார் என்று முடிவு செய்து, இவர்களும் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

ஆறு மணிக்கு மேகலா வந்து விளக்கைப் போட்டாள். காய்ந்த நுரையும், சிவந்த கண்ணும், திறந்த வாயுமாக நாலு பேர். "அய்யோ அப்பா! இன்னா ஆச்சி?"

"பன்னெண்டுல நிக்கிறோம்மா" என்றார் மாஸ்டர்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெற்ற அப்பாவை என்ன செய்வது? "பதிமூணு" என்றாள். நால்வரும் நிம்மதியாக மூச்சு விட்டு, இருபது வரை எண்ணித் தேய்த்துக் கையைக் கழுவினார்கள்.

மூன்றாம் நாள் வாய்மொழித் தேர்வு. இதில் தேறாவிட்டால் அடுத்த வகுப்பு அடுத்த மாதம்தான். கல்யாணமோ வரும் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் குளித்து, விபூதி பூசி உட்கார்ந்தார். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

"முதல்ல உங்க பேரு?"

மாஸ்டர் பூங்காவனம் பக்கம் திரும்பினார். "பேரு இன்னான்னு கேக்கறாங்க." பூங்காவனம் தணிகாசலத்திடம் கேட்டாள். தணிகாசலம் வேம்புலியிடம் கேட்டார். வேம்புலி கூரையைப் பார்த்து யோசித்தார். நிமிஷம் முடிந்துவிட்டது.

"சரி, அடுத்தது. சுலபமான கேள்விதான், பயப்படாதீங்க" என்று மேடம் சிரித்தார். "சமையல்கட்டுல எலி வந்தா என்ன செய்வீங்க?"

அப்போதுதான் பதில் வந்து சேர்ந்தது. "ஏகாம்பரம்" என்றார் மாஸ்டர் கம்பீரமாக.

மேடம் எதையோ எழுதிக்கொண்டார். "சமைக்கும்போது தலைமுடி விழாம இருக்க என்ன செய்வீங்க?"

"அடிச்சித் தூக்கிப் போட்டுட்டு, அந்த எடத்த நல்லாக் கழுவுவோம்."

"பால் கெட்டுப்போச்சுன்னா?"

"தலையில குல்லா போட்டுக் கட்டிடுவோம்."

மேடத்தின் பேனா நின்றது. "கூட வேலை செய்றவருக்குக் கையில வெட்டுப்பட்டா?"

"மோந்து பாத்துட்டுக் குப்பையில கொட்டிடுவோம்."

"சாம்பாரை எறக்கினா எவ்வளவு நேரத்துக்குள்ள பரிமாறணும்?"

"மருந்து போட்டு, கட்டு கட்டி, ஓரமா உக்கார வெப்போம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார் களைத்துப்போய்.

"நாலு மணி நேரம்" என்றார் மாஸ்டர்.

மேடம் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "அடடா, உங்க லைன்தான் சரியில்ல! சரியா ஒரு கேள்வி தாமதமா வருது. எல்லாப் பதிலையும் ஒரு படி மேல தள்ளினா, அத்தனையும் சரி! பாஸ் பண்ணிட்டீங்க மாஸ்டர்!" என்று கைதட்டிவிட்டுத் திரையை மூடினார்.

"சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாஸ்டர், மூடிய திரையிடம். பிறகு தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்தன்று எட்டரை மணிக்கு மாஸ்டர் சாம்பாரை இறக்கினார். தாலி கட்டியாயிற்று. பதினொன்றரைக்கு முந்நூறு இலை விழுந்தது. மேடத்தால் நேரில் வர முடியவில்லை. வீடியோவில் வந்து வாழ்த்துவதாகச் சொல்லியிருந்தார். அதனால் முதல் இலை அவருக்குத்தான். மேகலாவின் போனைச் சொம்பில் சாய்த்து இலைக்கு முன்னால் வைத்து, பதினாறு வகையும் பரிமாறினார்கள். தலைவிருந்தாளி முதல் வாய் வைக்காமல் மற்றவர்கள் இலையைத் தொடக் கூடாது. மாஸ்டர் பந்தியில் அது கண்டிப்பு.

மேடம் திரையில் வந்து, "மணமக்கள் ரெண்டு பேரும்..." என்று வாயைத் திறந்தார். படம் நின்றுவிட்டது.

முந்நூறு பேரும் அப்பளத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டேகால் ஆயிற்று.

"மாஸ்டர், பன்னெண்டரையோட நாலு மணி நேரம் முடியுது. அதுக்கப்புறம் சாம்பாரக் கொட்டணும்" என்றார் வேம்புலி.

மாஸ்டர் ஓடிப்போய் அண்டா மூடியைத் திறந்து பார்த்தார். தொட்டிலில் கிடந்த மகளுக்குக் கொடுத்த வாக்கு அண்டாவிலேயே கெட்டுப்போகப் போகிறது.

"வாயத் தொறந்துகினுதான் கீறாங்க" என்றாள் பூங்காவனம். "கையில ஏதோ வேலையா இருப்பாங்க. நம்மதான் ஊட்டணும்."

நால்வரும் அதை ருசி பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. மாஸ்டர் ஒரு கரண்டி பாயசம் எடுத்து, முந்திரி ஒன்றும் விழாமல், மேடத்தின் வாயில் ஊற்றினார். போன் ஒரு முறை மினுக்கிவிட்டுக் கறுத்துப்போனது.

"மேடம் சாப்புட்டாங்க!" என்று கத்தினார் மாஸ்டர். முந்நூறு கைகள் ஒரே நேரத்தில் இலையில் விழுந்தன. அந்தச் சாம்பாரைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

பந்தி முடிந்ததும் பூங்காவனம் மேடத்தின் இலையை மடித்துவிட்டாள். சாப்பிட்டவர் கை கழுவ வேண்டும் அல்லவா? நால்வரும் போனைக் குழாயடிக்கு எடுத்துப்போய், சோப்பு போட்டு, இருபது எண்ணித் தேய்த்தார்கள்.

புகுந்த வீட்டுக்குக் கிளம்பி வேனில் ஏறப்போன மேகலா பார்த்துவிட்டாள். "அப்பா! அத்த இன்னா பண்றீங்க?"

மாஸ்டர் பூங்காவனத்திடம் கேட்டார். பூங்காவனம் தணிகாசலத்திடம் கேட்டாள். கேள்வி வேம்புலிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, மேகலா அழுதுகொண்டே வேனில் ஏறிவிட்டாள். அழுகை அப்பாவைப் பிரிவதற்கா போனுக்கா என்று யாருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளை முனிரத்தினம் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நாங்க கெளம்புறோம் மாமா. மேகலாவ எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே செய்றேன்."

அந்த நேரம் பார்த்து வேம்புலியின் பதில் வந்து சேர்ந்தது. மாஸ்டர் மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்து, கண்ணில் நீர் தளும்பச் சொன்னார்: "சோப்பு போட்டு, இருபது எண்ணித் தேச்சிக் கழுவணும் மாப்ள. அப்புறம் ஈரம் போக அரிசி மூட்டையில பொதச்சி வெக்கணும்."

"சரிங்க மாமா" என்று வேனில் ஏறினார் மாப்பிள்ளை.

வேன் தெருமுனை திரும்பிய பிறகு, "தங்கமாட்டம் பாத்துக்கணும் மாப்ள!" என்று மாஸ்டர் காலித் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

அதற்குள் ஆரணி கடைத்தெருவில் வேன் நின்றிருந்தது. முனிரத்தினம் ஒரு டஜன் சோப்பு வாங்கிக்கொண்டு அரிசி மண்டிக்குள் நுழைந்தார். வேனில் உட்கார்ந்திருந்த மேகலாவைக் காட்டி, மண்டிக்காரரிடம் பணிவாகக் கேட்டார்:

"அவங்க கழுத்து வரைக்கும் வர்ற மாதிரி, எத்தன மூட்டைங்க வேணும்?"