பீரங்கி இல்லாத வண்டி

செய்தவர் வாய் திறக்கக் கூடாது. செய்யப்பட்டதுதான் பேச வேண்டும். வகுளவல்லியின் பட்டறையில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றே.

திருவல்லிக்கேணியில், திருக்குளத்தை நோக்கிய ஒரு மாடியறையில் அந்தப் பட்டறை இருந்தது. அருங்காட்சியகங்களுக்குக் கப்பல்களையும் விமானங்களையும் போர் வண்டிகளையும் சிற்றுருவாகச் செய்து கொடுப்பது அவர் தொழில். விரும்பி வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். ஒரு சிற்றுரு முற்றுப்பெற்றால், மாணவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஆசிரியை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அந்த வண்டி எந்த மண்ணில் ஓடியது, எங்கே அடிபட்டது, யாரைச் சுமந்தது என்று, பூசிய வண்ணத்திலிருந்தும் இட்ட கீறலிலிருந்தும் படித்துச் சொல்வார். அதற்கு வாசிப்பு என்று பெயர்.

அன்று வாசிப்புக்கு வந்தது ஒரு டாங்கி. கொண்டுவந்தவர் எத்திராசன்; டாங்கிப் படைப்பிரிவில் தஃபேதார் என்ற பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆயினும் ஆசிரியை அறைக்குள் வந்தால் எழுந்து விறைப்பாக நிற்பார்.

"உட்காருங்க ஐயா. இது பரேடு மைதானம் இல்லை."

"குரு வந்தா நிக்கணும், டீச்சரம்மா. முட்டி வேணா உட்காரச் சொல்லுது. நான் கேக்கமாட்டேன்."

எத்திராசனின் ஊர் ஆரணிக்குப் பக்கம். ஊரார் அவரை டாங்கிக்காரர் என்றே அழைப்பார்கள். அங்கே புதிதாய் எழுந்த நூலக மண்டபத்தில், படையில் பணி செய்த ஊர்க்காரர்களுக்கென ஒரு கண்ணாடிப் பேழை அமைத்திருந்தார்கள். அதன் நடுத்தட்டு எத்திராசனுக்கு. அவர் ஓட்டிய வண்டியை அவர் கையாலேயே சிற்றுருவாகச் செய்து வைக்க வேண்டும் என்பது ஊரின் விருப்பம். அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைக்கூட முன்னதாகவே பதித்துவிட்டார்கள்.

வகுளவல்லி மேசை விளக்கைத் தாழ்த்தினார்.

"இணைப்பு ஒண்ணும் வெளியே தெரியலை. பச்சைக்கு மேலே தூசி படிஞ்ச விதம் நல்லா இருக்கு. ராஜஸ்தான் பக்கத்துத் தூசி."

எத்திராசனின் மீசை சற்றே உயர்ந்தது.

"ஆனா பீரங்கி வாய்ல கரி இல்லையே."

மீசை நின்ற இடத்தில் நின்றது.

"மேல் மூடியோட விளிம்புல வண்ணம் புதுசா இருக்கு. அதுல கால் வெச்சு ஒருத்தரும் உள்ளே இறங்கலை."

ஆசிரியை சிற்றுருவைத் திருப்பினார். வண்டியின் பின்புறம், இழுப்பதற்கென்று இருக்கும் இரண்டு கொக்கிகளிலும் வண்ணம் தேய்ந்து, உள்ளிருந்த இரும்பு வெள்ளிபோல் மின்னிற்று. கொக்கியைச் சுற்றி எண்ணெய்க் கையின் கறை. பின்தட்டில் பூட்ஸ் உரசிய தடங்கள். அவை யாவும் கொக்கியை நோக்கியே போயின. அவ்விடத்து வேலை மற்ற இடத்து வேலையைவிட நூறு மடங்கு நுட்பமாய் இருந்தது.

"இந்த வண்டி ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை, ஐயா. ஆனா நிறைய இழுத்திருக்கு."

எத்திராசன் தம் கைகளைப் பார்த்தார்.

"நான் டாங்கி செய்யணும்னுதான் உட்கார்ந்தேன். இந்தக் கை என் பேச்சைக் கேக்கலை."

"நீங்க ஓட்டினது எது?"

"மீட்பு வண்டி. டாங்கி மாதிரியே சங்கிலிச் சக்கரத்துல ஓடும். மேலே ஒரு தூக்குக் கை. உள்ளே வடம் சுத்தற உருளை. சேத்துல சிக்கினது, அடிபட்டு நின்னது, எதுவா இருந்தாலும் நாங்க போய் இழுத்துட்டு வரணும்." சற்றுத் தயங்கிச் சொன்னார்: "பீரங்கி கிடையாது."

"ஊருக்கு?"

"டாங்கி ரெஜிமெண்டுன்னு சொன்னேன். அது நிஜம். பீரங்கியை அவங்களே வெச்சுக்கிட்டாங்க. நான் எடுக்கச் சொல்லலை."

ஆசிரியை சிரிக்கவில்லை. "எதையெல்லாம் இழுத்தீங்க?"

"எவ்வளவோ. ஒரு தடவை எல்லைப்பக்கம் கால்வாயைக் கடக்கறப்போ ஒரு டாங்கி கவுந்த மாதிரி சேத்துல இறங்கிடுச்சு. கொக்கி சேத்துக்கு அடியில. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கித்தான் வடத்தை மாட்டணும். முதல் தடவை மாட்டலை. மறுபடி முங்கினேன்."

"உள்ளே ஆள் இருந்தாங்களா?"

"மூணு பேர்."

"வந்தாங்களா?"

"மூணு பேரும். அதுல ஒருத்தர் சர்தார்ஜி. இன்னிக்கும் தீபாவளின்னா போன் வரும். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குப் பாதிதான் புரியும். சிரிச்சுட்டு வெச்சுடுவோம்."

"அந்த வண்டியைச் செய்யலாமே?"

எத்திராசன் தலையசைத்தார். "வேண்டாம். என் மச்சான் துளசிங்கம் ஒருத்தன் போதும். 'என்ன மாமா, ராணுவத்துல கிரேனா ஓட்டினீங்க?'ன்னு மண்டபத்துலயே கேப்பான். பெயர்த் தகடு வேற அடிச்சுட்டாங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. படைன்னு ஒண்ணு இருந்தா, அதுல ஆயுதம் இல்லாதவனுக்கு என்ன இடம்?"

ஆசிரியை தூரிகையைக் கழுவி வைத்தார். கை துடைத்துக்கொண்டார்.

"கோயில் நடை திறந்திருக்கும். வாங்க, சேவிச்சுட்டு வருவோம்."

மகள் வீட்டில் தங்கியிருந்த எத்திராசன் நாள்தோறும் சேவிக்கும் சந்நிதிதான் அது. பாரதப் போரில் ஆயுதம் எடேன் என்று சொல்லி வந்து, தேர்த்தட்டில் அமர்ந்து குதிரை ஓட்டிய பெருமான் எழுந்தருளியிருக்கும் இடம். கூட்டம் அதிகமில்லை. திரை விலகிற்று. அர்ச்சகர் தீபத்தை உயர்த்தித் திருமுகத்தையும் திருக்கரத்தையும் திருவடியையும் காட்டினார். துளசியும் தீர்த்தமும் பெற்றுக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

கொடிமரத்தருகே ஆசிரியை நின்றார்.

"மூலவர் வலக்கையில என்ன?"

"சங்கு."

"இடக்கை?"

"திருவடியைக் காட்டுது."

"சக்கரம்?"

எத்திராசன் சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாள்தோறும் கண்டும் காணாதிருந்தது அது.

"இல்லை."

"முன்னாலே உற்சவர் நிக்கறாரே, அவர் திருமுகத்துல?"

"வடு. அம்பு பட்ட வடு."

"தேரை ஓட்டினவருக்கு எதுக்கு அம்பு பட்டது?"

"தேர்ல முன்னால உட்கார்ந்தவராச்சே. முதல்ல அவர்மேலதானே படும்…" என்று தொடங்கிய எத்திராசன் நிறுத்திக்கொண்டார்.

ஆசிரியை மடைப்பள்ளிப் பக்கம் நடந்தார். "புளியோதரை தீர்ந்துபோயிடும், வாங்க."

மறுநாள் எத்திராசன் வேலையைத் தொடங்கினார்.

கடையில் வாங்கும் டாங்கிக்கு எல்லாப் பாகமும் பெட்டிக்குள் வரும். மீட்பு வண்டிக்கு அப்படி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தகட்டை அறுத்து உடல் செய்தார். ஊசிமருந்துக் குழாயை நறுக்கி வடம் சுற்றும் உருளை செய்தார். தூக்குக் கையின் மூட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்த்து அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். வரைபடம் கேட்கவில்லை, கண்ணை மூடினார், அளந்தார், அறுத்தார். அருகே கப்பல் செய்துகொண்டிருந்த வங்கி அதிகாரி ஒருவர் வியந்து, "எப்படி சார், அளவு இவ்வளவு சரியா வருது?" என்றார்.

"இது என் வீடு சார். உங்க வீட்டுச் சமையலறை எவ்வளவு நீளம்னு கேட்டா காகிதத்தைப் பார்த்தா சொல்வீங்க?"

"என் மனைவியைக் கேட்டுச் சொல்வேன்."

பட்டறையே சிரித்தது.

முதலில் கருஞ்சிவப்பு அடிப்பூச்சு; அதன்மேல் பச்சை; வெயில் படும் மேற்பரப்பில் அதே பச்சையை வெளுப்பாக்கி இன்னொரு பூச்சு. அப்புறம் தூசி, எண்ணெய், கீறல். நாளுக்கு நாள் எத்திராசனின் முதுகு நிமிர்ந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

வாசிப்பு நாள் வந்தது. வண்டி மேசைமேல் நின்றது. வலிமையான வண்டி. ஆனால் உடலெங்கும் கீறலும் பள்ளமும் துருவுமாய் இருந்தது.

அன்று மட்டும் ஆசிரியை தம் சட்டத்தைத் தாமே மீறினார்.

"நீங்க பேசலாம். இந்தக் கீறல்?"

"கருவேல முள்ளு."

"இந்தப் பள்ளம்?"

"கொக்கி கை நழுவி விழுந்தது. என் தப்புதான்."

"இந்த மூணு கோடு?"

எத்திராசன் மீசையைத் தடவினார். "அது… சும்மா. பார்க்க வீரமா இருக்கட்டுமேன்னு."

"எடுத்துடுங்க."

"அழகா இருக்கே டீச்சரம்மா?"

"அன்னிக்குப் பார்த்தோமே திருமுகத்துல வடு, அதுல ஒண்ணாவது அவராப் போட்டுக்கிட்டதா?"

எத்திராசன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தேய்த்தார், மறுபடி பூசினார். திரும்பி வந்தபோது வண்டியில் பாதிக் கீறல்கூட இல்லை. எஞ்சியவை ஒவ்வொன்றும் பேசின.

ஆசிரியை நெடுநேரம் பார்த்தார். எதையும் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த டாங்கியை என்ன செய்யப்போறீங்க?"

"உடைச்சுடலாம்னு இருக்கேன். பொய்தானே அது."

"கொண்டுவாங்க."

கொண்டுவந்தார். ஆசிரியை சாந்துப் பொடியில் காவிப்பொடி கலந்து நீர் விட்டுக் குழைத்தார். அத்தனை பாடுபட்டுப் பூசிய டாங்கியின்மேல் அந்தச் சேற்றைக் கழுத்தளவு அப்பினார். எத்திராசனின் கை தன்னையறியாமல் தடுக்க எழுந்து, பாதியில் நின்றது. சேறு அப்பிய டாங்கியை ஆசிரியை மீட்பு வண்டியின் பின்னே வைத்தார். ஒரு செம்புக் கம்பிச் சுருளை எத்திராசனிடம் நீட்டினார்.

"மாட்டுங்க."

எத்திராசன் கம்பி இழைகளை முறுக்கி வடமாக்கினார். சேற்றுக்குள் கொக்கியைத் தேடினார். முதல் தடவை மாட்டவில்லை. மறுபடி முயன்றார், மாட்டிற்று. பிறகு ஒற்றை விரலால், டாங்கியின் பீரங்கியை மெல்லப் பின்புறமாகச் சுழற்றினார்.

"இது எதுக்கு?" என்றார் ஆசிரியை.

"கட்டி இழுக்கறப்போ பீரங்கி பின்னாலதான் பார்க்கணும். இல்லேன்னா முன்னால போறவன் முதுகுல வந்து இடிக்கும்."

"எனக்கு இது தெரியாது, ஐயா."

"உங்களுக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கா!" எத்திராசன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. வடம் தொய்யக் கூடாது. தொய்ஞ்சா கனம் தெரியாது."

எத்திராசன் வடத்தை இழுத்துக் கட்டினார். டாங்கியின் மேல் மூடியைத் திறந்து மூன்று சிறு தலைகளை வைத்தார். ஒன்றுக்குத் தலைப்பாகை இருந்தது.

மண்டபத் திறப்புக்கு ஆசிரியையும் போயிருந்தார். தோரணமும் நாகசுரமுமாய் ஊர் திரண்டிருந்தது. வெண்சட்டையின் மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு எத்திராசன் பேழைக்கு அருகில் நின்றார். திரை விலக்கப்பட்டது. கூட்டம் முண்டியடித்துக் கண்ணாடியருகே வந்தது. முதலில் வந்தவர் துளசிங்கம்.

"அந்தச் சேத்து டாங்கிதானே மாமா உங்களுது?"

"இல்லைடா. முன்னால நிக்குது பார், அது."

துளசிங்கம் முன்னால் இருந்த வண்டியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை.

"என்ன மாமா இது, தூக்குக் கை இருக்கு, வடம் இருக்கு. டாங்கிக்காரர், டாங்கிக்காரர்னு ஊரே சொல்லுதே. எங்க உங்க பீரங்கி?"

பின்னாலிருந்த சிலர் சிரித்தார்கள்.

எத்திராசனின் முதுகு, படையில் நின்ற நாட்களைப்போல் நிமிர்ந்தது.

"கண்ணு தெரியலையா மச்சான்? பின்னால கட்டி இழுத்துக்கிட்டு வரேன் பார். உள்ளே மூணு பேர் இருக்காங்க. மெதுவாப் பேசு."

துளசிங்கம் மறுபடி குனிந்தார். வடத்தின் வழியே அவர் பார்வை பின்னோக்கிப் போயிற்று. சேற்றுக்கும், திறந்த மூடிக்கும், அதில் தெரிந்த தலைப்பாகைக்கும் போயிற்று. அவர் சிரிப்பு வந்த வழியே திரும்பிற்று. ஒரு முதியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதைக் கண்டு வேறு சிலரும் அப்படியே செய்தார்கள். வரிசை மெல்லப் பேழையைச் சுற்றி நகரத் தொடங்கிற்று.

கூட்டம் சற்று விலகியபோது எத்திராசன் ஆசிரியையின் அருகே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன, மீசை மட்டும் உயர்ந்தே இருந்தது.

"நான் சொன்னது சரிதானா, டீச்சரம்மா?"

வகுளவல்லி கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"வடம் தொய்யலை, ஐயா."