கோமளாவோட பழைய ஓவன்

கண்ண மூடிக்கோ இனியா. அத்தை சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வீடு, அந்த ஒரு வீட்டுக்கு ரெண்டு சமையக்கட்டு. கீழ பெரிய மருமக கோமளா. மாடியில சின்ன மருமக சுபாஷிணி. அவங்க மாமனார் நல்லமுத்து, மாடியிலதான் காத்து வருதுன்னு சுபாஷிணி வீட்டோட இருந்தாரு.

"எந்த ஊரு அத்தை?"

கரூருன்னு வெச்சுக்கோயேன். கோமளாகிட்ட ஒரு மைக்ரோவேவ் ஓவன் இருந்துச்சு. பழசு. வாங்குறப்ப வெள்ளை, இப்ப பழுப்பு. கதவு லேசுல சாத்தாது, இடுப்பால ஒரு இடி இடிக்கணும், டொப்! உள்ள லைட்டு எரியாது. ஆனா திருகிவிட்டா 'கர்ர்ர்ர்'னு சுத்தும், 'டிங்'னு நிக்கும், வெச்சது ஆவி பறக்க வெளிய வரும். ஒரு நாள் கூட ஏமாத்துனதில்ல.

அப்போ ஒரு நாள் மாடிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி ஏறுச்சு. பாத்தா, புது ஓவன்! கன்னங்கரேல்னு ஒரே கண்ணாடி. திருகே கிடையாது, விரலால தொட்டா போதும். வேலை முடிஞ்சா பாட்டு வேற பாடும், 'டிடிங் டிடிங் டீ...'. அந்தப் பாட்டு ஜன்னல் வழியா எறங்கி நேரா கோமளா காதுல விழும். விழுறப்பல்லாம் அவ வயித்துல ஒரு கங்கு.

"கங்குன்னா?"

நெருப்புத் துண்டு, கண்ணு. வெளிய தெரியாது, உள்ளயே கணகணன்னு எரியும். பூரி உருட்டுறப்பவும் எரியுது, துணி காயப்போடுறப்பவும் எரியுது. 'நேத்து வந்தவ அவ. அவளுக்குக் கண்ணாடி ஓவன், எனக்கு இந்தப் பழுப்புப் பெட்டியா?'

அப்புறம் புருஷன்கிட்ட கேட்டா. "ஏங்க, இதை மாத்திரலாங்க."

அவரு பேரு அறவாழி. கதவை இடிச்சு சாத்தி, திருகிப் பாத்தாரு. கர்ர்ர்ர். டிங். "நல்லாத்தானே ஓடுது? நின்னு போச்சுன்னா சொல்லு, அன்னிக்கே புதுசு வாங்கிரலாம்."

நின்னு போகணும். அவ்வளவுதானே? கோமளா அது எப்படா நிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தா. இருக்கியா?

"ம்."

மொத தடவை, ஃப்ரிட்ஜுல கல்லு மாதிரி உறைஞ்ச மொச்சைக் கொழம்ப அப்படியே தூக்கி வெச்சா. 'இதுக்குத் தாங்காது'ன்னு நெனச்சா. கர்ர்ர்ர்... டிங்! கொழம்பு கொதகொதன்னு கொதிக்குது.

ரெண்டாவது தடவை, காலையிலேர்ந்து ஓய்வே குடுக்கல. பால், சோறு, உருளைக்கெழங்கு, அப்பளம்னு மாத்தி மாத்தி வெச்சா. கர்ர்ர் டிங், கர்ர்ர் டிங். அப்பளம் மொறுமொறுன்னு வந்து, அறவாழி ரெண்டு கேட்டு வாங்கித் தின்னாரு!

மூணாவது தடவை கோமளா ஒரு காரியம் பண்ணா. நீ ஒருநாளும் பண்ணக் கூடாது. எவர்சில்வர் டம்ளரை எடுத்து உள்ள வெச்சுட்டா. கதவை இடிச்சா, டொப். திருகுனா. சட்! சடசட! படார்! உள்ள நீலமா பொறி பறக்குது! ஐயையோன்னு ப்ளக்கைப் புடுங்கிட்டு அந்தாண்ட போயி நின்னா. மூச்சு வாங்குது. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு. 'தொலஞ்சுதுடி!'

"தொலஞ்சுதா?"

எங்க தொலஞ்சுது? டம்ளர எடுத்துட்டு, பீங்கான் கப்புல தண்ணி வெச்சுப் பாத்தா. கர்ர்ர்ர்... டிங்! தண்ணி கொதிச்சு நிக்குது.

அப்போதான் கோமளா வாயில பொய் வந்துச்சு. "ஏங்க, அது நின்னு போச்சுங்க"ன்னுட்டா. அவரும் நம்பிட்டாரு. பழைய சாமான்காரர் வந்தா போட்டுரலாம்னு தூக்கி வாசப்படியில வெச்சாரு.

சாயங்காலம் சுபாஷிணி தடதடன்னு எறங்கி வந்தா. "அக்கா, இதை நான் எடுத்துக்கட்டுமா? ரிப்பேர் பாத்துக்கறேன்."

கோமளாவுக்கு ஒண்ணும் புரியல. "உனக்கெதுக்கு? உன்கிட்டதான் அந்த மினுக்கி இருக்கே!"

சுபாஷிணிக்குக் கண்ணு தளும்பிடுச்சு. "அதை நான் மாமாவுக்காகத்தான் வாங்குனேன்க்கா. மாமாவுக்குக் கண்ணு மங்கிருச்சில்ல? கண்ணாடிய தடவித் தடவிப் பாக்குறாரு, எங்க தொடறதுன்னே தெரியல. நான் போட்டுத் தரேன்னா வேண்டாங்கறாரு. சுக்குக் காப்பிய அவரே சூடு பண்ணாத்தான் அவருக்கு எறங்கும். உங்களோடதுல திருகு கைக்குத் தட்டுப்படுது. அதான் காலையில படி எறங்கி உங்ககிட்ட வந்துர்றாரு. உக்காந்து பஸ் ஓட்டுன காலத்துக் கதையெல்லாம் சொல்றாரு. நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது மேல கேக்கும்க்கா. நான் தனியா தோசை ஊத்திக்கிட்டு நிப்பேன். எனக்கு எப்படி இருக்கும்?"

பாத்தியா, மேலயும் ஒரு கங்கு எரிஞ்சிருக்கு!

"ம்..."

அப்போ கோமளா மனசு எளகிருச்சுன்னு நெனக்கறியா? இல்லவே இல்ல. அடுத்தவ கேட்டதும்தான் அந்தப் பழுப்புப் பெட்டி தங்கமாத் தெரிஞ்சுது. 'மாமாவையும் சேத்து மேல தூக்கிட்டுப் போகப் பாக்குறாளே!' ஓவனை ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "இது என்னுது. தரமாட்டேன்!"

சுபாஷிணி திரும்பி மெதுவா படி ஏறிப் போயிட்டா.

கோமளா ஓவனை உள்ள தூக்கி வெச்சா. அறவாழி கேட்டாரு, "நின்னு போச்சுன்னியே?"

"அது நல்லாத்தாங்க இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவரு அவ மொகத்தப் பாத்துட்டு, ஓவன் ஒயரை எடுத்து மறுபடியும் சொருகிவிட்டாரு.

ஆனா கோமளாவுக்குச் சோறு எறங்கல. அந்தப் பொண்ணு தனியா தோசை ஊத்துறதே கண்ணுல நிக்குது. அப்புறம் என்ன நெனச்சாளோ, கல்லு வெச்ச ஒட்டுப் பொட்டு அட்டை ஒண்ண எடுத்துக்கிட்டு மாடிக்கு ஏறுனா. "தள்ளுடி"ன்னு சொல்லி, அந்தக் கண்ணாடியில எங்க தொட்டா ஓடுமோ அங்க ஒரு பச்சைப் பொட்டு, எங்க தொட்டா நிக்குமோ அங்க ஒரு செவப்புப் பொட்டு ஒட்டுனா. மாமாவோட விரலப் புடிச்சு அதும்மேல வெச்சா.

மாமா தடவிப் பாத்தாரு. "அட அம்மிணி! உன்ற ஓவனுக்குப் பொட்டு வெச்சாச்சு!"ன்னு சுபாஷிணிகிட்ட சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. சுபாஷிணி கோமளா கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

மறுநாள் விடிஞ்சுது. மாமா கீழ எறங்கல. மேல பேச்சு, மேல சிரிப்பு. கோமளா தனியா நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. கங்கு போயிருச்சா? எங்க போகும், ஓரத்துல கொஞ்சூண்டு எரியத்தான் செஞ்சுது. நல்லது பண்ணிட்டா ஒடனே அணைஞ்சிருமா என்ன?

அப்போ மாடியிலேர்ந்து மாமா குரலு. "கோமளா! மூணு கப்பு காப்பி சூடு பண்ணி வெச்சிருக்கேன். ஆறுதும்மா!"

கோமளா கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு, ரெண்டு ரெண்டு படியா ஏறுனாளாம்.

இனியா? 'ம்' எங்க?

சரி. ஏறுனவங்க காப்பி குடிக்கட்டும், கதை இங்கயே படுத்துக்கட்டும். நீயும் தூங்கு கண்ணு.