அஞ்சீர்கானின் கடைசிக் கூழாங்கல்

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, கோழி எல்லாம் பேசும். பாரசீக நாட்டில் அவை பாரசீக மொழியில்தான் பேசின. அந்த நாட்டு மலையடிவாரத்தில் அஞ்சீர்கான் என்று ஒரு சிற்றூர் இருந்தது. வெறும் கிராமம் என்பதால் சொந்தமாகக் குளியல்கூடம் கட்டிக்கொள்ள அனுமதி இல்லை. குளிக்க வேண்டுமென்றால் கழுதையேறிப் பக்கத்து நகரத்துக்குப் போகவேண்டும். குளித்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், போனபோது இருந்ததைவிட அதிகப் புழுதி உடம்பில் ஏறியிருக்கும்.

ஊர்த்தலைவர் பஹ்மன்யார் ஊரை நகரமாக்கும்படி அரசரிடம் போய் மன்றாடினார். அரசரும் மனமிரங்கி, ஹோர்மோஸ் என்ற அதிகாரியிடம் நகரத்துக்கு எத்தனை தலை வேண்டுமோ அத்தனை கூழாங்கற்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஊர் வாசலைத் தாண்டி வெளியே வந்து, பாரசீக மொழி பேசி சலாம் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லை எடுத்துக் கீழே போடவேண்டும். பொழுது சாய்வதற்குள் பை காலியானால் அஞ்சீர்கான் நகரம். ஆகாவிட்டால் பழையபடி கழுதைச் சவாரிதான்.

அதிகாரி வாசலுக்கு வெளியே பையோடு உட்கார்ந்தார். உள்ளே ஊரே திரண்டு நின்றது. அங்கேதான் வந்தது வினை. அஞ்சீர்கான்காரர்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். வாசல் என்று ஒன்றைக் கண்டால் அடுத்தவரை முன்னால் அனுப்பாமல் தாண்டமாட்டார்கள்.

"தாங்கள் முதலில்" என்றார் பஹ்மன்யார்.

"தாங்கள் இருக்கும்போது நானா?" என்றாள் ரொட்டி சுடும் மாஹ்பானு.

அவள் கொல்லரைக் கைகாட்ட, கொல்லர் தையல்காரரைக் காட்ட, வெயில் உச்சிக்கு ஏறி இறங்கவும் தொடங்கிவிட்டது. ஒருவர்கூட நகரவில்லை. பின்னால் நின்ற செம்மறிகளும் அதே மரியாதையைப் பழகியவை. அவையும் ஒன்றையொன்று குனிந்து வணங்கிக்கொண்டிருந்தன. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

வாசலோரத்தில் அதிகாரியின் விருந்துக்கென்று ஒரு வெள்ளாட்டுக் கிடாவைக் கட்டியிருந்தார்கள். மரியாதை தெரியாத ஆடு என்று அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பஹ்மன்யார் இடுப்பில் இருந்த கத்தியையே அது பார்த்துக்கொண்டிருந்தது. கயிற்றைக் கடித்து அறுத்தது. தையல்காரரை இடித்துத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டியது. என்ன இருந்தாலும் பாரசீக ஆடு அல்லவா, ஓடுகிற ஓட்டத்திலும் அதிகாரிக்கு ஒரு சலாம் வைத்தது. அரைத் தூக்கத்தில் இருந்த அவரும் பதில் சலாம் சொன்னார்; கல் மட்டும் போடவில்லை.

"விருந்து ஓடுது, பிடிங்க" என்று கத்தினார் பஹ்மன்யார்.

மரியாதையெல்லாம் மறந்து ஊரே பாய்ந்தது. ஆளுக்கொரு சலாம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கற்கள் ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தன.

ஆட்டைப் பிடித்துத் திரும்பி வந்தபோது சூரியன் மலையைத் தொட்டிருந்தது. அதிகாரி பையைத் துழாவினார். அடியில் ஒரே ஒரு கல் மிஞ்சியிருந்தது. ஊரில் மனிதர்கள் யாரும் பாக்கியில்லை. பஹ்மன்யார் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

"அது என் கல்" என்றது ஆடு. "எல்லாருக்கும் முன்னால் வந்தது நான். பாரசீகத்தில்தான் சலாம் சொன்னேன். ஐயா பதிலும் சொன்னார்."

அதிகாரியின் முகம் சிவந்தது. பதில் சலாம் சொன்ன பிறகு ஆளை இல்லையென்று சொல்வது மரியாதையா? கடைசிக் கல்லையும் கீழே போட்டார். அஞ்சீர்கான் நகரமானது.

ஊர் ஆடிப் பாடி முடித்ததும் பஹ்மன்யார் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்தார்.

"தாராளமாக வெட்டுங்கள்" என்றது ஆடு. "ஒரு தலை குறைந்தால் ஊர் மறுபடி கிராமம். நாளைக்குக் குளிக்கக் கழுதை தயாராக இருக்கிறதா?"

பஹ்மன்யார் தன் கையில் படிந்திருந்த புழுதியைப் பார்த்தார். பிறகு அதே கத்தியால் கத்திரிக்காய் நறுக்கப் போனார். அதிகாரிக்கு அன்று கத்திரிக்காய் விருந்துதான். நகரத்தின் தலையொன்று தொலைந்துபோகாமல் இருக்க, ஆட்டின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டினார்கள். அது வாசலைத் தாண்டி மேயப் போனபோதுதான், உள்ளே இன்னும் வணங்கிக்கொண்டிருந்த செம்மறிகள் நிம்மதியாக அதன் பின்னால் கிளம்பின.

அன்று முதல்தான் செம்மறி மந்தைக்கு முன்னால் மணி கட்டிய ஒரு வெள்ளாடு நடக்கிறது. வாசல் வந்தால் அது யாரிடமும் "தாங்கள் முதலில்" என்று சொல்வதே இல்லை.